புகைக்கூடத்துச் சர்வகலாசாலை

அன்புள்ள அப்பா,

ஜப்பான்காரர்கள் ரயில்பாதை போட உங்களைக் கொண்டுபோன சயாம் என்றாலே அம்மா அழுவதால், அவர் தூங்கியதும் எழுதுகிறேன். ரப்பர் உலர்த்தும் பழைய புகைக்கூடத்தில் பிரிஜெட் டீச்சர் இரகசியமாக நடத்துவதுதான் எங்கள் சர்வகலாசாலை. மாணவிகள் ஐவர். பாடத்தோடு ஆராய்ச்சியும்: சாம்பலும் பனையெண்ணெயும் காய்ச்சிக் குளிக்கச் சவர்க்காரம் செய்கிறோம்.

இன்று, அவர்கள் தடை செய்த ஆங்கிலப் பாடத்தின் நடுவே ஜப்பான் அதிகாரி நுழைந்தான். என் பக்கத்தில் இருந்த பிரேமாவதி பதறிப் புத்தகத்தைச் சவர்க்காரச் சட்டியில் போட்டுவிட்டாள்! அவன் எட்டிப் பார்ப்பதற்குள் அது முழுகிவிட்டது. காய்ந்த சவர்க்காரக் கட்டி ஒன்றை முகர்ந்து சிரித்தான். வாரம் இருபது கட்டி கொடுத்தால் கூடம் எங்களுக்கேயாம்.

"இனி நம்மள யாரும் விரட்ட மாட்டாங்க லா!" என்று, அவன் போனதும் டீச்சர் குதித்தார்.

"புஸ்தகம் வெந்துபோச்சே, டீச்சர்?" என்றாள் பிரேமாவதி.

"போனா போவுது. தலையில இருக்குல்ல?"

மாலையில் பூகோளம். நீங்கள் வேலை செய்யும் சயாம், படத்தில் நம் தோட்டத்திலிருந்து என் சுண்டுவிரல் தூரம்தான் அப்பா.

உங்கள் செல்ல மகள்