டிஸ்க்கைப் போடவும்

மார்ச் 3
அலுவலக வேலையாக வெளியூர் போயிருக்கிறாள் மனைவி. அவள் திரும்புவதற்குள் அவளுடைய வீடியோ கேம் டிஸ்க்குகள் எல்லாவற்றையும் கன்சோலின் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிவிடப் போகிறேன். ஒன்று ஏறி முடிவதற்குள் துணி துவைத்துக் காயப்போட்டுவிடலாம். அவ்வளவு மெதுவு.

மார்ச் 6
எல்லாம் ஏறியாகிவிட்டது. இனி டிஸ்க் எதற்கு? பழைய சாமான் எடுக்கும் வண்டிக்காரரிடம் மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். அலமாரி பளிச்சென்று இருக்கிறது. அசந்துபோவாள்!

மார்ச் 7
சோதித்துப் பார்த்தேன். 'டிஸ்க்கைப் போடவும்' என்கிறது திரை. எதைத் திறந்தாலும் அதே. ஹார்டு டிஸ்க்கில் ஏற்றினாலும், விளையாட டிஸ்க் உள்ளே இருந்தே ஆகவேண்டுமாம். வண்டிக்காரரைத் தேடி ஓடினேன். நேற்றே உடைக்க அனுப்பிவிட்டாராம். ஐயோ, என்ன காரியம் செய்தேன்.

மார்ச் 8
வந்தாள். வெறும் அலமாரியைப் பார்த்தாள். "எங்கேங்க?"
"உன் தம்பி வாங்கிட்டுப் போனான்."
எப்படி வாய் வந்தது எனக்கு? உடனே அவனுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள். "டிஸ்க்கெல்லாம் நீயாடா வாங்கிட்டுப் போனே?" என்றாள். "ஆமாக்கா, நான்தான். பஸ்ல தொலைச்சுட்டேன்" என்றான்.
அவள் திட்டிய திட்டு! நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

மார்ச் 9
தனியாக அவனை அழைத்தேன். "விடுங்க மாமா. அக்கா என்னைத் திட்டினா மறந்துடுவா. உங்களைன்னா மனசுலயே வச்சிருப்பா" என்கிறான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 14
எங்கேயோ தேடிப் பிடித்து இரண்டு பழைய டிஸ்க்குகளோடு வந்தான். வாசலிலேயே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். நான் சோபாவில்தான் இருந்தேன். எழுந்திருக்கக்கூட இல்லை. நானெல்லாம் ஒரு மனுஷனா?

மார்ச் 15
அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. தம்பிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, என் கையில் கொடுத்தாள்.
"மாப்பிள்ளை…" என்று ஆரம்பித்தேன்.
அவன் முந்திக்கொண்டான். "மாமா, அக்கா இன்னும் கோவமாத்தான் இருக்காளா? இருக்கட்டும். நீங்க மட்டும் வாயைத் திறந்துடாதீங்க."
அவள் போனைப் பிடுங்கினாள். "டேய், நான்தான்டா" என்றாள். "எல்லாம் தெரிஞ்சுபோச்சு. நாளைக்குச் சாப்பிட வந்துடு."
நான் இன்னும் தலை நிமிரவில்லை.