பச்சை உடம்புக்குத் தராத தண்ணீர்

என் செல்லத் தங்கச்சி பாக்கியத்துக்கு,

பிள்ளை பெற்றுக் காய்ச்சலில் கிடந்த உனக்குத் தண்ணீர் தராமல் சாகவிட்டார்கள். விதி என்று சொல்லி எல்லாரும் மூடிவிட்டார்கள். நான் மூடமாட்டேன்.

"பச்ச ஒடம்புக்குத் தண்ணி குடுத்தா வயிறு ஊதிரும்" என்று எரியோடு ஊரில் உன் புகுந்த வீட்டில் உன் மாமியார் செம்பை ஒளித்தாள். சுட்ட கருவாடும் பூண்டும்தான் உனக்கு. "அத்தே, தங்கச்சி கேக்குது, குடுங்க" என்று மன்றாடினேன். "நான் எட்டுப் பெத்தவ. எனக்கு யாரு குடுத்தா? செத்தா போனேன்? போ ஆத்தா, ஒன் வேலயப் பாரு" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

இப்போது தெரியும். அன்று நீ பெற்ற மகள் பூங்கொடி திண்டுக்கல்லில் பிளஸ் டூ படிக்கிறாள். அவளுடைய போன வருஷத்து உயிரியல் புத்தகத்தை எழுத்துக்கூட்டி நானே படித்தேன். மாவுச்சத்தும் புரதமும் சின்னச் சின்னத் துண்டுகளைக் கோத்த சரங்களாம். உடம்பு அவற்றைப் பிரிக்க, ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு நீர் மூலக்கூறு செலவாகுமாம். காய்ச்சல் சூட்டை வியர்வையாய் வாங்கிக்கொண்டு போவதும் தண்ணீர்தான். பாலில் பெரும்பங்கும் அதுதான். அத்தனைக்கும் தண்ணீர் தேடி உன் உடம்பு எங்கே போயிருக்கும், பாக்கியம்? உன்னிடமிருந்தே எடுத்ததா? உன் உதடு வெடித்தது அதனால்தானா?

என் மகள் செல்விக்குப் போன வாரம் பெண் குழந்தை. கட்டிலருகே பெரிய செம்பு வைத்திருக்கிறேன். பார்க்க வந்த உன் மாமியார், "ஏத்தா, எதுக்கு இம்புட்டுத் தண்ணி?" என்றாள். நான் புரதத்திலிருந்து விளக்க ஆரம்பித்தேன். "புஸ்தகமா பிள்ள பெக்குது?" என்று சிரித்தாள். செல்வி செம்பைத் தூக்கி மடமடவென்று குடித்தாள்.

வெயிலில் நடந்து வந்த கிழவி அதையே பார்த்தாள். "எனக்கும் கொஞ்சம் குடு" என்றாள். கோபம் போகவில்லை, ஆனாலும் கொடுத்தேன். குடித்த பிறகு செம்பைத் திருப்பித் தராமல் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். உன் நினைப்புத்தானா?

இனி நடக்க வேண்டியது இது. ஆஸ்பத்திரி நர்ஸம்மாக்கள் பெற்றவளிடம் மட்டும் சொன்னால் போதாது, வீட்டில் செம்பைத் தூக்கி ஒளிக்கிறவளையும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். புருஷன்மார் வாசலில் நின்று பீடி பிடிக்காமல், உள்ளே போய்த் தங்கள் கையால் தண்ணீர் கொடுக்க வேண்டும். நாளைப்பின்னே பூங்கொடி பிள்ளை பெறும்போது, கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரோடு அவள் தலைமாட்டில் நான் இருப்பேன். யார் வந்து சொன்னாலும் எழுந்திருக்கமாட்டேன்.

செம்பைக் கீழே வைக்காத
உன் அக்கா