கரிக்குச்சியால் பற்றவைத்த நடைவண்டி

12.10.2025, ஞாயிறு

வெல்டிங் கடைக்காரர் இன்றும் கையை விரித்துவிட்டார். மகள் லத்தீபாவின் நடைவண்டிக்கு நான் வாங்கிக் கொடுத்த இரும்புக் குழாய் மிக மெல்லிசாம். வெல்டிங் ராடு பட்டதும் ஓட்டை விழுகிறது. "இதுக்குப் பித்தளை வச்சுப் பத்த வைக்கணும்மா. அதுக்கு கேஸ் செட்டு வேணும், நம்மகிட்ட இல்ல" என்றார்.

மர நடைவண்டி வாங்கிப் பார்த்தாயிற்று. அது பிள்ளையை விட்டுவிட்டு முன்னால் ஓடிவிடுகிறது. கனமாக, இரண்டு பக்கமும் பிடி வைத்து, அவள் முழங்கை உயரத்துக்கு வேண்டும் என்று பிசியோதெரபி மேடம் படம் போட்டே கொடுத்தார். வளர வளர உயரமும் கூட்ட வேண்டும்.

இரண்டு வயது முடிந்தும் நிற்கத்தான் செய்கிறாள், நடக்கவில்லை. எல்லா டெஸ்ட்டும் நார்மல். தசை கொஞ்சம் தளர்வு, பழக்கினால் நடப்பாள், பயப்படாதீர்கள் என்கிறார்கள். பயப்படாதே என்று சொல்கிறவர்களின் பிள்ளைகள் எல்லாம் நடக்கிறார்களே.

நானே கேஸ் செட் வாங்கலாமா? வேண்டாம். சமையல் சிலிண்டரையே ராத்திரியில் இரண்டு தடவை எழுந்து திருகிப் பார்ப்பவள் நான்.

15.10.2025, புதன்

கிடைத்துவிட்டது!! கேஸே வேண்டாம்!

கல்லூரி லேபில் ஆர்க் விளக்கு பார்த்திருக்கிறேன். இரண்டு கரிக்குச்சிகளைத் தொடவைத்து லேசாக விலக்கினால் நடுவில் சுடர் நிற்கும். அதையே கைப்பிடியில் மாட்டினால் டார்ச்! வெல்டிங் செட்டின் ஒரு வயர் ஒரு குச்சிக்கு, மற்றது அடுத்த குச்சிக்கு. இரும்புக்குக் கரண்டே கொடுக்க வேண்டாம், சுடரைக் காட்டினால் போதும். இதை வைத்து வீட்டிலேயே பித்தளை பற்றவைக்கிறவர்கள் எத்தனை பேர்! மத்தியானம் முழுக்க வீடியோ பார்த்தேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

மாமனாரின் பழைய வெல்டிங் செட் கொல்லைக் கொட்டகையில்தான் கிடக்கிறது. ஏ.சி. கொடுக்கும் பழைய வகை. அதனால் இரண்டு குச்சியும் ஒரே அளவாகத் தேயும். இதை எடைக்குப் போடப் பார்த்தவர் என் கணவர்! செல்போன் கடையை அடைத்துவிட்டு வந்ததும் வாசலிலேயே மச்சானிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். செருப்பைக்கூடக் கழற்றவிடவில்லை.

"பிசிக்ஸ் படிச்ச புள்ளையக் கட்டுனா கரண்டு பில்லு ஏறும்னு எவனும் சொல்லலையே" என்றார். ஆனால் கரிக்குச்சி எங்கே கிடைக்கும் என்று அவரே மதுரைக்குப் போன் போட்டார்.

20.10.2025, திங்கள்

எரிந்தது!

ஊரெல்லாம் தீபாவளி வெடிச் சத்தம். கொட்டகையில் முகமூடி, தோல் கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு, கட்டை விரலால் குச்சிகளைத் தொடவைத்து விலக்கினேன். புஸ்ஸென்று ஒரு சீறல், பிறகு விசிறிபோல் விரிந்த சுடர். கறுப்புக் கண்ணாடி வழியாக எவ்வளவு அழகு! பழைய ஆணி ஒன்றைக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் செக்கச்செவேல்.

நாத்தனார் நாதியா கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள். "மதினி, உசுரோட இருக்கீகளா? இல்ல அண்ணனுக்கு வேற பொண்ணு பாக்கவா?"

"பாரு, பாரு. அவளுக்கும் வெல்டிங் தெரியுமான்னு கேட்டுக்க!"

26.10.2025, ஞாயிறு

மழை. கொட்டகை ஒழுகுகிறது. அதனால் செட்டை வீட்டுக்குள், முற்றத்தைச் சுற்றிய வளவுத் தாழ்வாரத்துக்கு இழுத்துவந்து, சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். நாதியாவையும் பிள்ளையையும் முகப்பு அறைக்கு அனுப்பிக் கதவைத் தாழ் போடச் சொன்னேன். போட்டார்களா என்று மூன்று தடவை போய்ப் பார்த்தேன்.

பித்தளை நன்றாகப் பிடிக்க, நாட்டு மருந்துக் கடை வெண்காரத்தைக் குழைத்து இணைப்பில் தடவினேன். சுடரை நிதானமாகக் காட்டினேன். குழாய் சிவந்தது. பித்தளைக் கம்பியால் தொட்டதும் அது தண்ணீராய் உருகி, இடுக்குக்குள் தானாக ஓடிச் சுற்றி நின்றது. தானாக! ஓட்டை இல்லை. ஆறினதும் சுத்தியலால் தட்டினேன், அசையவில்லை. தனியாக நின்று கைதட்டினேன்.

(பிறகு) கண்ணுக்குள் மணலைக் கொட்டினாற்போல் இருக்கிறது. திறக்க முடியவில்லை, தடவித் தடவி எழுதுகிறேன். முகமூடி போட்டுத்தானே இருந்தேன்? லத்தீபாவும் கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுகிறாள். தூக்கத்துக்கா? இல்ல அவளும் பாத்துட்டாளா? கதவிடுக்கு வழியா... யா அல்லாஹ், நடக்க வைக்கிறேன்னு போயி எம்புள்ள கண்ணக் கெடுத்துட்டேனா?

28.10.2025, செவ்வாய்

இன்றுதான் எழுத முடிகிறது. கண் டாக்டர் நேற்று முதலில் அவளைத்தான் பார்த்தார். நான்தான் பார்க்க வைத்தேன். அவளுக்கு ஒன்றுமில்லை. வெறும் தூக்கம். எனக்கு மேலோட்டமான காயம், சொட்டு மருந்தில் ஆறிவிடும்.

"இத்தோட விட்டுரு, சுஹானா. அந்தச் செட்டு இந்த வீட்டுல இருக்கக் கூடாது" என்றார் மச்சான். ஆனால் காரணம் தெரியாமல் எப்படி விடுவது?

மத்தியானம் தாழ்வாரத்தில் நான் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். திரும்பினால் என் முகமே சுவரில் தெரிகிறது! செட்டியார் வீட்டுப் பழைய சுவர், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசியது. வாடகைக்கு வந்த நாளிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் கண்ணாடி மாதிரி பளபளப்பு என்று பீற்றிக்கொள்பவள் நான்தான். சுடரின் வெளிச்சம் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி, பின்பக்கமாக முகமூடிக்குள் நுழைந்திருக்கிறது. மூன்று தடவை கதவைப் பார்த்தேனே, ஒரு தடவை முதுகுக்குப் பின்னால் பார்த்தேனா?

2.11.2025, ஞாயிறு

சுவர்க் கதையைச் சொன்னேன். மச்சான் எழுந்து போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தார். பிறகு கடையிலிருந்து தார்ப்பாய் கொண்டுவந்து கொட்டகையின் ஒழுகலை மூடினார். உள்ளே மூன்று பக்கமும் கறுப்புப் போர்வை தொங்கவிட்டார்.

"வீட்டுக்குள்ள பத்த வச்சே, செட்டு எடைக்குத்தான்."

"சரிங்க மச்சான்."

"எம்புட்டு நல்ல புள்ள" என்று நாதியா சிரித்தாள்.

16.11.2025, ஞாயிறு

எல்லா இணைப்புகளும் முடிந்தன! கடைசி இரண்டும் கடையில் செய்ததுபோலவே இருக்கின்றன. சக்கரம் மாட்டி மஞ்சள் பெயின்ட் அடித்தாயிற்று. பெயின்ட் காயட்டும் என்றால் நாதியா கேட்கவில்லை. பிள்ளையின் உள்ளங்கையெல்லாம் மஞ்சள்.

பிடித்தாள். நின்றாள். ஓர் எட்டு. வண்டி ஓடவில்லை, அவளுக்காக நின்றது. இன்னோர் எட்டு. மச்சான் சாப்பிட்ட கையோடு எழுந்து நின்றுவிட்டார்.

28.11.2025, வெள்ளி

நாள் முழுக்க வளவில் கடகட கடகட. வண்டியைக் கொஞ்சம் எடுத்தால்கூட உட்கார்ந்துவிடுகிறாள். வண்டி இல்லாமல் ஓர் அடி இல்லை. தப்புச் செய்துவிட்டேனோ? மேடத்திடம் கேட்டேன். "கொஞ்சம் பொறுங்களேன்" என்றார். அது மட்டும் எனக்கு வராது.

14.12.2025, ஞாயிறு

பிடிகளின் உயரம் போதவில்லை, அவள் குனிகிறாள். வண்டியைக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பிள்ளை ஊரே கேட்க அழுதாள். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று காதை மூடிக்கொண்டு செய்தேன். பிடிகளை அறுத்து, குழாய்த் துண்டு கொடுத்து, வெண்காரம் வைத்து, ஒரு சிந்தல் இல்லாமல் பித்தளை ஓடி... இதுவரை செய்ததிலேயே இதுதான் அழகு. அழுகை எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. கவனித்ததும் ஓடினேன்.

தாழ்வாரத்துச் சுவரில், அந்தப் பளபளப்புச் சுவரில், என் முழங்கால் உயரத்தில் ஒரு கறுப்புக் கோடு. அடுப்படி வாசலில் ஆரம்பித்து, நடுங்கி நடுங்கி, மேலே ஏறி, கீழே இறங்கி, எங்கேயும் விடாமல் முகப்புக் கதவு வரை போயிருந்தது. கோட்டின் முடிவில் அவள் நின்றாள், பிடிக்க வண்டி இல்லாமல். கையில் நான் தேய்த்துப் போட்ட கரிக்குச்சித் துண்டு, மூக்கெல்லாம் கரி. முதலில் வாயைத் திறந்து பார்த்தேன். தின்னவில்லை.

நாதியா ஓடிவந்தாள். "ஒரு போன்தான் பேசுனேன் மதினி! அய்யோ, வீட்டுச் சொந்தக்காரக பாத்தா என்ன சொல்வாக!" துணியை நனைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

துணியை வாங்கி, பிள்ளையின் மூக்கை மட்டும் துடைத்தேன்.

புதிதாக உயரம் கூட்டிய நடைவண்டி இன்னும் கொட்டகையில்தான் ஆறிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு அதில் துணி காயப்போடலாம்.