அளந்து கொடுத்த தண்ணீர்

அக்கா,

ஆடி வெள்ளிப் படையலுக்கு நான் கற்பூரம் ஏற்றும்போது உன் மகள் வேலையிலிருந்து வந்து பக்கத்தில் நின்றாள். அவள் கையில் ஸ்பிரிட் வாசனை. டயாலிசிஸ் முடிந்து கண்ணமங்கலம் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து வருவாயே, அப்போது உன் கையில் அடித்த அதே வாசனை. கற்பூரத்தையும் மீறி அது வந்தது.

அவளுக்கு வேலூரில் ஆராய்ச்சி வேலை கிடைத்திருக்கிறது. சிறுநீரக நோய் எந்தெந்தக் குடும்பத்தில், யார் வழியாக இறங்கி வருகிறது என்று பார்க்கிற வேலை. ஜவ்வாது மலை ஊர்களுக்கு ஜீப்பில் போகிறாள். யாருக்கு யார் பிறந்தார்கள், எதனால் போனார்கள் என்று விசாரித்து, ரத்தம் எடுத்து வருகிறாள். இந்த வேலை எதற்கு என்று தேர்வில் கேட்டார்களாம். எங்கம்மாவுக்காக என்றாளாம்.

சேர்ந்த கொஞ்ச நாளில் என்னையும் அழைத்துப்போய் ஸ்கேன் எடுக்க வைத்தாள், தானும் எடுத்துக்கொண்டாள். உன் சிறுநீரகம் முழுக்க இருந்த அந்த நீர்க்கட்டிகள் எனக்கு இல்லை என்றாள். உனக்கு என்றேன். அரிசி ஊறப்போட்டாச்சா என்று பேச்சை மாற்றிவிட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் என்று உன் தண்ணீரை என் பொறுப்பில் விட்டார்கள். டயாலிசிஸ் ஆரம்பித்தபின் நாள் முழுக்க உனக்கு ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரால் நாலு டம்ளர்தான். குழம்பு, மோர், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். பங்குனி வெயிலில் ஒருநாள் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தாய். "கணக்குப்புள்ளையாவே பொறந்தியாடி? ஒரு வாய் குடுடி, சாமி கணக்குல எழுதிக்க" என்றாய். சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். நான் ஈரத்துணியை உன் உதட்டில் வைத்தேன்.

முதன்முதலில் பார்த்த டாக்டர், குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டது நினைவிருக்கிறதா? "யாருக்கும் இல்லீங்க" என்றாய். நானும் ஆமாம் போட்டேன். நம் இருவர் மனதிலும் பொய் இல்லை. பெரிய அத்தையும் சின்ன அத்தையும் பூவும் பொட்டுமாகப் போய், நம் வீட்டுப் பூவாடைக்காரி ஆனவர்கள். கிணற்றடியிலிருந்து கலசத்தில் அழைத்துவந்து புதுப்புடவை வைத்துக் கும்பிடுகிற தெய்வங்கள். தெய்வத்தை நோயாளியோடு சேர்த்து யார் எண்ணுவார்கள்?

பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டவள் நான் என்பதால் இப்போது அழைப்பதும் நான்தான். இன்றைக்கும் பேர் சொல்லி அழைத்தேன். பெரிய அத்தை, சின்ன அத்தை, பிறகு நீ. பின்னால் நின்றவள் மெதுவாகக் கேட்டாள்.

"சின்னம்மா, அவங்களுக்கும் வயிறு உப்பி, கால் வீங்குச்சா?"

சாமி முன்னால் இன்னா பேச்சு இது என்று அதட்டினேன். கற்பூரம் அணையும்வரை காத்திருந்தாள். பிறகு நானே சொன்னேன். வீங்கின காலோடுதான் இரண்டு பேரையும் புகுந்த வீட்டிலிருந்து இங்கே கொண்டுவந்து விட்டார்கள் என்று. உன்னையும் அப்படித்தானே விட்டார்கள்.

"மலை முழுக்க சுத்தி ஒவ்வொரு வூட்லயும் கேட்டுனு இருக்கேன்" என்றாள். "நம்ம வூட்ல வருசா வருசம் பேர் சொல்லியே கூப்புட்டுனு இருந்துக்கிறீங்க."

அப்புறம் கலசத்தைப் பார்த்தபடி சொன்னாள். "எனக்கும் இருக்குது சின்னம்மா. இப்பதான் ஆரம்பம்."

எனக்கு அழுகை வரவில்லை. என்ன செய்யவேண்டும் என்று மட்டும் கேட்டேன். மாத்திரை உண்டு, உப்பைக் குறைக்கவேண்டும், இப்போதைக்குத் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். நிறைய என்று அவள் சொன்னதும், அக்கா, அப்போதுதான் எனக்கு உடைந்தது.

உன் டம்ளரை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. அடுப்பு மேடைக்கு மேலே கவிழ்த்தே வைத்திருப்பேன். அதை எடுத்து, உன்னை அழைத்த கலசத்துத் தண்ணீரையே ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடி நீட்டினாள். மறுபடியும் ஊற்றினேன், விளிம்பு வழிய.

நீ இருந்தபோது ஒரு வாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதவள், இனி ஒவ்வொரு வெள்ளியும் உன் படத்துக்கு முன்னால் சொம்பு நிறையத் தண்ணீர் வைக்கிறேன். உன்னிடம் வேறு எதுவும் கேட்கமாட்டேன். நான் அழைக்கிற வரிசையில் நீயே கடைசிப் பேராக இரு.