பழைய பிரவுசரை எடுக்க வேண்டாம்

ஏன்னா,

நம் ஹரிதாவின் திவசத்துக்கு வாழையிலை வாங்க கிங்ஸ் சர்க்கிள் போகிறேன். மோர்க்குழம்பு மேடையில் இருக்கிறது. சுடவைத்தால் போதும், கொதிக்க விடாதீர்கள்.

தன் தங்கையின் கம்ப்யூட்டரிலிருந்து பழைய பிரவுசரை எடுக்கச் செம்பூரிலிருந்து நகுல் வந்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். “பூட்டே இல்லாத வீடு மாதிரிடி அது” என்று நேற்று கத்தினீர்களே, அது சரிதான். மெதுவாகத்தான் திறக்கிறது, பாதிப் பக்கம் தெரிவதுமில்லை. பேங்க் வேலையைப் புதியதிலேயே பாருங்கள். ஆனால் அவள் மெயிலைப் பாஸ்வேர்ட் கேட்காமல் திறப்பது அது ஒன்றுதான். பாஸ்வேர்ட் நமக்குத் தெரியாது. மத்தியானங்களில் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பாகீரதி

பி.கு. நேற்று ராத்திரி அவளுக்கு வந்த புடவைக்கடை விளம்பரத்தைக் காலையில் யாரோ படித்திருந்தார்கள். வீட்டில் நாம் இரண்டு பேர்தான். நான் அதைத் திறக்கவில்லை.