நேர்ஸ் வேசம் போட்ட அக்காவுக்கு

என்ரை ஆசை அக்கா,

நீ மெல்பேணிலை கண்ணை மூடி இண்டைக்கு மூண்டு கிழமை. பெரிய நடிகை போயிட்டா எண்டு அங்கத்தைப் பேப்பர் எல்லாத்திலையும் உன்ரை படம் வந்ததாம். இங்கை மொன்றியலிலை, உனக்காக எங்கடை மாதா கோயிலிலை ஒப்புக்குடுத்த பூசையிலை சுவாமி என்ன சொன்னவர் தெரியுமோ? "நோயாளிகளுக்காகவே வாழ்ந்த ஒரு தாதி." நான் எழுதிக் குடுத்த துண்டைத்தான் அந்த மனுசன் வாசிச்சவர். செத்த பிறகும் நான் உன்னை விடேல்லை அக்கா.

உன்னிலை எனக்குப் பெருமை இல்லாமல் இல்லை. முதல் படத்திலை கோப்பை கழுவிற பொம்பிளை, ரெண்டே ரெண்டு வசனம். பேந்து மேடையிலை ராணி, கொலைகாரி, பைத்தியக்காரி. விருதெல்லாம் வந்தது. ஆனா ஒரு படத்திலை வெள்ளைக்காரன் ஒருத்தனைக் கொஞ்சினாய் பார், சனம் என்ன சொல்லுமெண்டு பயந்திட்டன். என்ரை மூத்தவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். கேட்ட ஆக்களுக்கெல்லாம், அக்கா அங்கை நேர்ஸ் எண்டு சொல்லிப்போட்டன்.

நாலு வருசத்துக்கு முந்தி உன்ரை நாடகம் இங்கை வந்தது. மெட்ரோவிலை ராணி வேசத்திலை உன்ரை முகம் பெரிசாய் ஒட்டியிருந்தது. நான் தலையைக் குனிஞ்சுகொண்டு சென்ட் லோரன்ட் பக்ரறிக்கு வேலைக்குப் போனன். நீ அனுப்பின ரெண்டு ரிக்கெற்றும் அலுமாரிக்குள்ளை கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை நீயே எங்கடை கோயிலுக்கு வந்து நிண்டாய். பூசை முடிஞ்சு தேத்தண்ணி குடிக்கேக்கை சனம் சூழ்ந்திட்டுது.

"இவதான் அந்த நேர்ஸ் அக்காவோ?"

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். பிறகு சிரிச்சுக்கொண்டு, "ஓம், நான்தான்" எண்டாய்.

எங்கடை கோயிலுக்கு வாற அந்தோனி அண்ணை, பிறசர் வருத்தக்காரர், உடனை கையை நீட்டினார். நீ நாடி பிடிச்சு, மணிக்கூட்டைப் பார்த்து, "உப்பைக் குறையுங்கோ அண்ணை, குளிசையை விடாதேங்கோ" எண்டாய். எவ்வளவு பதமாய்! உலகம் வரிசையிலை நிண்டு பார்க்கிற நடிப்பை, பிளாஸ்ரிக் கோப்பையும் கையுமாய் நிண்டு எனக்காக நடிச்சாய். காரிலை ஏறேக்கை மட்டும் கேட்டாய்: "சரியாச் செய்தனானோ?" நான் ஓம் எண்டன். ஐயோ, நல்லா நடிச்சாய் அக்கா எண்டு சொல்லியிருக்கலாமே!

பேந்து நீ வரேல்லை. உடம்புக்கு வருத்தம் எண்டும் சொல்லேல்லை. போன் கார்ட் போட்டுக் கதைக்கேக்கை பிள்ளையளைத்தான் விசாரிச்சாய். அந்தச் சம்பந்தமும் சரிவரேல்லை அக்கா. மூத்தவள் தானே ஒரு கியூபெக் பொடியனைப் பிடிச்சுக் கட்டினாள். அவன் உன்ரை படம் ஒண்டும் விடாமல் பார்த்தவனாம். ஆருக்குப் பயந்தனான் நான்?

உனக்கு ஒப்புக்குடுத்த அந்தப் பூசை முடிய அந்தோனி அண்ணை என்ரை கையைப் பிடிச்சு அழுதார். "உன்ரை அக்கா சொன்ன நாளிலை இருந்து நான் கறிக்கு மேலுப்புப் போடுறேல்லை, பிள்ளை." அப்பவும் நான் உன்னை நேர்ஸ் எண்டே விட்டிட்டன்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்கக் குடுத்திட்டன். உன்ரை படத்துக்குக் கீழை "மேடை, திரைப்பட நடிகை" எண்டு போடச் சொல்லியிருக்கிறன். நானே வாசலிலை நிண்டு ஒவ்வொருத்தற்றை கையிலையும் குடுப்பன். முதல் அட்டை அந்தோனி அண்ணைக்கு. அவர் வாசிச்சிட்டு நிமிர்ந்து பார்க்கேக்கை நான் தலை குனியமாட்டன். இது சத்தியம்.

உன்னை நேர்ஸாக்கின,
உன்ரை தங்கச்சி