கூடுதல் தாள்

10 ஏப்ரல் 2007, செவ்வாய்

விடைத்தாள் திருத்தும் முகாமில் இரண்டாம் நாள். நேற்று விடைக்குறிப்பு கொடுத்து விளக்கியதோடு சரி, திருத்தல் இன்றுதான் ஆரம்பம். காலையில் பதினைந்து, மதியம் பதினைந்து. பிளஸ் டூ வரலாறு என்றாலே பிள்ளைகள் எழுதித் தள்ளுகிறார்கள். ஒவ்வொரு விடைத்தாளோடும் நூலில் கட்டிய கூடுதல் தாள்கள் ஐந்தாறு. தாம்பரத்தில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. எங்கள் அறையில் ஓடுகிற ஒரே மின்விசிறி எட்மண்ட் சார் தலைக்கு மேலே. நாங்கள் திருத்தியதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் சரிபார்ப்பது குறைந்து கையெழுத்து மட்டும் மிஞ்சும்.

பக்கத்து மேசை ரமா இன்றும் ஆரம்பித்துவிட்டாள். "தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியல்ல நீ ஒன்பது, நான் பத்து. இந்த ஜூன்ல உனக்கு நிச்சயம் ஜஹீரா." நல்ல மனசோடுதான் சொல்கிறாள். எனக்குத்தான் கேட்கப் பயமாக இருக்கிறது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு மெமோகூட வாங்காதவள் நான். எதற்கு இந்தப் பயம்?

11 ஏப்ரல், புதன்

யா அல்லாஹ்.

சாயங்காலம் விடைக்குறிப்பை எடுத்துப் பார்க்கலாம் என்று பையைத் திறந்தேன். மடித்து வைத்திருந்த குறிப்புக்குள்ளே ஒரு கூடுதல் தாள். யாரோ ஒரு பிள்ளை பரீட்சையில் எழுதியது. என்னோடு பஸ் ஏறிக் கீழ்க்கட்டளை வீடு வரைக்கும் வந்திருக்கிறது.

நூல் எப்போது அவிழ்ந்தது? நேற்றா, இன்றா? அந்தக் குறிப்பை ரெண்டு நாளும் மேசையில் விரித்துத்தான் வைத்திருந்தேன். தாளில் பெயர் இல்லை, எண் இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக் கட்டுரையின் பின்பாதி. இடப்பக்கம் சாய்ந்த எழுத்து, தலைப்புக்கு மட்டும் ஸ்கேல் வைத்து ரெண்டு கோடு. பிரபுக்கள் வரி கட்டவில்லை, ஏழைகள்தான் கட்டினார்கள் என்று மூன்று தடவை எழுதியிருக்கிறது. பெரிய கெட்டிக்காரப் பிள்ளை இல்லை. ஆனால் எழுதியிருக்கிறதே!

விடைத்தாளில் ஒரு துண்டை வெளியே கொண்டுபோனாலும் சஸ்பென்ஷன் என்று முதல் நாளே முகாம் அலுவலர் தோத்தாத்ரி சார் மைக்கில் சொன்னார். தவறி வந்தது என்றால் யார் நம்புவார்கள்?

தாளைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன். கால் மணி நேரம் கழித்து எடுத்துக் குக்கர் அட்டைப்பெட்டியில் வைத்தேன். இப்போது இந்த டைரிக்குள் இருக்கிறது.

12 ஏப்ரல், வியாழன்

காலையில் இவரிடம் சொன்னேன். கண்ணாடிக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் அப்படியே செருப்போடு நின்றார்.

"கிழிச்சுப் போடு. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமேங்க."

"உனக்குத் தெரிஞ்சா மெமோ வராது."

இவர் சொல்வதும் நியாயம்தான். என்மேல் உள்ள அக்கறையில் சொல்கிறார். ஒரு நெருப்புக்குச்சி போதும். பிறகு ஜூனில் தலைமையாசிரியை. காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசலாம். ஊருக்குத்தான் உபதேசம்!

முகாமுக்குத் தாளை எடுத்துப் போகவில்லை. ஆனால் இன்று முழுக்க ஒவ்வொரு விடைத்தாளிலும் எண்ணினேன். மேல்பக்கத்தில் எத்தனை கூடுதல் தாள் என்று பிள்ளைகளே எழுதுகிறார்கள். அதை எண்ணிப் பார்க்க வேண்டியது முதலில் நான், அடுத்து எட்மண்ட் சார். ரெண்டு பேரும் எண்ணவில்லை. இப்போது எண்ணி என்ன பிரயோஜனம்? அந்தப் பிள்ளையின் விடைத்தாள் கட்டோடு கட்டாகப் பூட்டிய அறைக்குப் போய்விட்டது.

13 ஏப்ரல், வெள்ளி

எடுத்துக்கொண்டு போனேன். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பது எவ்வளவு சரி. வாசலில் போலீஸ்காரர் எதேச்சையாகப் பார்த்ததற்கே எனக்கு வேர்த்துவிட்டது.

எட்மண்ட் சாரைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் வெளுத்தது. அவர் கையெழுத்தும் அல்லவா அந்த விடைத்தாளில் இருக்கிறது. "டீச்சர், நீங்க வாயே திறக்காதீங்க, நான் பார்த்துக்கறேன்" என்றார். தாளை வாங்கிக்கொண்டு நேரே தோத்தாத்ரி சாரிடம் போய், பெஞ்சுக்கு அடியில் கிடந்தது என்று சொல்லிவிட்டார்.

எனக்கு உடம்பிலிருந்து பாதிப் பாரம் இறங்கினாற்போல இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அந்த நிம்மதி ஐந்து நிமிஷம்கூட இல்லை. தோத்தாத்ரி சார் அறையைப் பெருக்கும் மாரியைக் கூப்பிட்டு விட்டார்.

"இன்னா சார் சொல்றீங்க? டெய்லி காலீல நான்தான் குனிஞ்சு குனிஞ்சு பெருக்கறேன். ஒரு சாக்பீஸ் துண்டுகூட வுடமாட்டேன். பேப்பர் கீதுன்னா எடுத்துக் குடுக்கமாட்டேனா?"

"சரி சரி, போம்மா" என்றார் எட்மண்ட் சார். யாரும் அவள் பேச்சை நம்பவில்லை. அவள் சொன்னது முழுக்க உண்மை என்று அந்த அறையில் தெரிந்தவர்கள் ரெண்டே பேர். ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றோம்.

தோத்தாத்ரி சார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கீழே கிடந்த தாளை எந்தப் பேப்பரோட சேர்க்கிறது? யார் திருத்தினதுன்னே தெரியாம கட்டைப் பிரிக்க முடியாது. என்னோட பேப்பர்லேருந்து விழுந்ததுன்னு யாராவது எழுதிக் குடுத்தா பார்க்கலாம். இல்லேன்னா ஒரு கவர்ல போட்டு சீல் வெச்சிடறேன்."

யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நானும்தான். கவருக்குள் போட்டு ஒட்டுவதை நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

14 ஏப்ரல், சனி

புத்தாண்டு விடுமுறை. மாடி வீட்டு ஜோதிலட்சுமி பாயசம் கொடுத்தனுப்பினாள். அப்படியே இவரிடம் தள்ளிவிட்டேன்.

15 ஏப்ரல், ஞாயிறு

நான் தப்பிவிட்டேன். எட்மண்ட் தப்பிவிட்டார். கிழித்துப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ அதுதான் ஆகியிருக்கிறது — கவர், சீல் என்று மரியாதையாக ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

ரமாவிடம் போனில் கேட்டேன், யாருக்கோ நடந்த மாதிரி. "எழுதிக் குடுத்தா பட்டியல்லேருந்து பேரை எடுத்துடுவாங்கப்பா. யாரு அந்த மண்டூகம்?" என்று சிரித்தாள்.

மண்டூகம் மதியமெல்லாம் படுத்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இவர் சொன்னார்: "நீதான் கொண்டுபோய்க் குடுத்துட்டியே. உன் கடமை முடிஞ்சுது." நான் எங்கே கொடுத்தேன்? எட்மண்ட் கொடுத்தார், அதுவும் பொய்யோடு.

ஒருவேளை நல்ல மார்க் வாங்கிய பிள்ளையாக இருந்தால்? ஏழெட்டு மார்க்கில் என்ன குறைந்துவிடும்? ஒருவேளை சரியாக அறுபத்தைந்தில் நின்றால்? இருநூறுக்கு எழுபது இருந்தால்தானே பாஸ். என்னால இதுக்கு மேல யோசிக்க முடியல. தலை வெடிக்குது.

16 ஏப்ரல், திங்கள்

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு இவரை எழுப்பிச் சொன்னேன். இவர் டிபன் பாக்ஸை வேண்டாமென்று விட்டுப் போனார்.

தோத்தாத்ரி சார் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, "வீட்டுக்கா கொண்டு போனீங்க? இந்த ஒரு வரியை எடுத்துட்டு வேற மாதிரி எழுதலாமே டீச்சர்" என்றார். தங்கமான மனுஷர். வேறு மாதிரி எழுதினால் மாரி பெருக்கவில்லை என்றுதான் வரும். வேண்டாம் சார் என்றேன். எட்மண்ட் பெயரை மட்டும் எழுதவில்லை. எண்ணாமல் கையெழுத்துப் போட்டது அவர் பாடு.

செவ்வாய், புதன் ரெண்டு நாளும் நான் திருத்திய அறுபதையும் வெளியே எடுத்தார்கள். மேல்பக்கத்தில் ஆறு, உள்ளே ஐந்து — நாற்பத்து மூன்றாவதில் அகப்பட்டது. அதே சாய்ந்த எழுத்து, அதே ரெண்டு கோடு. முதல் பாதியும் பின்பாதியும் ஒட்டிக்கொண்டன. என்னைத் திருத்தச் சொல்லவில்லை. வேறொருவர் திருத்தி ஏழு மார்க் போட்டார். நானும் அவ்வளவுதான் போட்டிருப்பேன்.

மொத்தத்தை இங்கே எழுதப் போவதில்லை. மார்க்கை வெளியே சொல்லக்கூடாது. மீறிய விதி ஒன்று போதும்.

சிவப்புப் பேனாவை ஒப்படைத்துவிட்டு மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். முகாமுக்கு இனி வர வேண்டாமாம்.

27 ஏப்ரல், வெள்ளி

மெமோ வந்தது. பதினைந்து நாளில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். வாங்கிக்கொண்டதற்கான கையெழுத்து கோணல்மாணலாகப் போனது.

10 மே, வியாழன்

பட்டியலில் என் பெயர் இல்லை. ரமாவுக்குக் கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு பள்ளி. போனில் அவள்தான் அழுதாள். நான் வாழ்த்துச் சொன்னேன். பொறாமை இல்லை என்று எழுதினால் பொய். இருக்கிறது, நிறைய.

14 மே, திங்கள்

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டது. ஒரு மாதமாக என்னிடம் உப்பு, தண்ணீர் என்று ஒற்றை வார்த்தையில் பேசிக்கொண்டிருந்த இவர், கடையிலிருந்து வந்ததும் வராததுமாகக் கேட்டார்:

"அந்தப் புள்ள பாஸா?"

இனி ரகசியம் இல்லையே. சொன்னேன். "ஐம்பத்திரெண்டு இருந்துச்சு. ஏழு சேர்ந்து ஐம்பத்தொன்பது."

"பாஸுக்கு?"

"எழுபது."

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "இதுக்கா ஜஹீரா?" கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்காக நொந்துபோய்க் கேட்டார்.

"எதுவா இருந்தாலும் அது எழுதினதுங்க."

"நீ இவ்வளவு பண்ணது அந்தப் புள்ளைக்குத் தெரியாது. இன்னைக்கு அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் பெயில்ங்கறது மட்டும்தானே?"

"ஐம்பத்தொன்பதுன்னு தெரியும்" என்றேன். "ஐம்பத்திரெண்டுன்னு இல்ல."

இவர் கைகால் கழுவிவிட்டு வந்து, சாப்பிட்டாயா என்று கேட்டார்.